மேலும் பார்க்க

போன் அனிதாவை இடப்பக்கம் திரும்பச் சொன்னது. திரும்பினாள். வலப்பக்கம் திரும்பச் சொன்னது. அதற்கும் திரும்பினாள். மேலே பார்க்கச் சொன்னது. வார்டின் மின்விசிறியைப் பார்த்தாள். வட்டத்துக்குள் முகம் சரியாக விழவில்லை, முதலிலிருந்து செய்யவும் என்றது.

"என்னா பாப்பா, கழுத்து புடிச்சிக்கிச்சா?" என்று கேட்டார் பக்கத்துக் கட்டிலின் செம்பியன்.

"இல்லண்ணே. நான் மனுஷிதானான்னு பாக்குதாம்."

"அதுக்குக் கழுத்த ஆட்டணுமா? எங்க ஊரு சந்தையில மாடு வாங்குறவன் கூடப் பல்லத்தான் பாப்பான்."

மாமனாரின் உடைந்த காலுக்குத் துணையாகக் காட்டுமன்னார்கோயிலிலிருந்து வந்திருந்தார் செம்பியன். மாமனார் எந்நேரமும் தூங்கினார். பேச ஆளில்லாமல் அவர் வார்டு முழுவதையும் கவனித்துக்கொண்டிருந்தார்.

"வந்துடுச்சா?" என்றார் அப்பா, கண்ணைத் திறக்காமல்.

"இதோ வந்துடும்ப்பா."

காலையிலிருந்து இதையே சொல்லிக்கொண்டிருந்தாள்.

லூர்துநாதன் குளியலறையில் வழுக்கி விழுந்து, இடுப்பெலும்பு உடைந்து, பிளேட் வைத்து, இந்த ஆஸ்பத்திரியில் மல்லாந்து கிடந்தார். நேற்று சாயங்காலம் கடலூர் முதுநகரில் அவருடைய ஒரே தங்கச்சி ஆரோக்கிய ராணி இட்லிக்கு மாவு அரைத்துக்கொண்டிருந்தாள். மூச்சு வாங்குது என்று கிரைண்டர் பக்கத்திலேயே உட்கார்ந்தாள். எழுந்திருக்கவில்லை. அவள் மகள் ஜெயராணி வந்து பார்த்தபோது கிரைண்டர் மட்டும் ஓடிக்கொண்டிருந்ததாம்.

ஆம்புலன்ஸில் வைத்தாவது கடலூருக்குக் கொண்டுபோங்கள் என்று லூர்துநாதன் டாக்டரிடம் கெஞ்சினார். அசையவே கூடாது என்றார் டாக்டர். அப்போதுதான் அனிதாவின் அண்ணன் டோனி அந்த யோசனையைச் சொன்னான்.

"நான் லைவ் போடுறேன்ப்பா. பெனிட்டோவுக்கு லீவு கெடைக்கல, அவனும் துபாய்லேந்து அதுலதான் பாக்கப் போறான். நீங்க இங்க படுத்துக்கினே எல்லாத்தையும் பாக்கலாம்."

பெனிட்டோ ராணி அத்தையின் மகன். லைவ் என்றால் டோனிக்கு ஒரு விஷயமே இல்லை. அவன் சாப்பிடும் பிரியாணியை எழுநூறு பேர் பார்ப்பார்கள். விடியற்காலையில் பஸ் ஏறப்போகும்போது, "லிங்க் அனுப்புறேன், தொட்டா தொறந்துக்கும்" என்று சொல்லிவிட்டுப் போனான். தங்கைக்கு அந்தத் தளத்தில் கணக்கே இல்லை என்பது அவனுக்கு ஞாபகம் வரவில்லை.

அவளுக்கு எதிலும் கணக்கு இல்லை. பி.எஸ்சி. படிக்கும்போதே மற்றப் பெண்கள் கேலி செய்வார்கள். தன் முகத்தை எடுத்து ஊர் பார்க்க வைப்பது அவளுக்குக் கூச்சம். அதற்காக ஒன்றும் தெரியாமல் இருந்தாள் என்றில்லை. யாராவது லிங்க் அனுப்பினால் திறந்து பார்ப்பாள். வீராணம் ஏரி நிரம்பியதையும், கடலூர் கோயில் திருவிழாவின் தேர்பவனியையும் அப்படித்தான் பார்த்தாள். யாரும் அவளைப் பெயர் கேட்கவில்லை. பிறகு ஒவ்வொன்றாக மூடிக்கொண்டே வந்தார்கள். முதலில் படத்துக்குக் கீழே யார் என்ன சொன்னார்கள் என்பது தெரியாமல் போனது. அப்புறம் இரண்டு படத்துக்கு மேல் நகரவில்லை. இப்போது எதைத் தொட்டாலும் நீ யார் என்று கேட்டது. தெருவோடு நடந்துபோகிறவளிடம் ஒவ்வொரு வீட்டுக்காரனும் வெளியே வந்து ஆதார் கார்டு கேட்பதைப் போலிருந்தது.

இன்றைக்குக் கேட்டால் கொடுத்துவிடலாம் என்றுதான் உட்கார்ந்தாள். பெயர் கொடுத்தாள். அந்தப் பெயரில் ஏற்கெனவே ஒருவர் இருக்கிறார் என்றது. பிறந்த தேதி கொடுத்தாள். நம்பருக்கு ஓடிபி வந்தது. போடுவதற்குள் காலாவதி ஆனது. இன்னொன்று வந்தது. கடைசியில் முகத்தையும் கேட்டது. இரவெல்லாம் அழுது வீங்கிய முகம். வாழ்நாளில் ஒருமுறைகூட எவருக்கும் கொடுக்காத முகத்தை இப்படியா கொடுக்க வேண்டும் என்றிருந்தது. இரண்டாவது முறை இடமும் வலமும் மேலும் கீழும் திரும்பினாள்.

'நன்றி அனிதா. உங்கள் கணக்கு பரிசீலனையில் உள்ளது. இதற்கு ஒரு நாள் வரை ஆகலாம்.'

போனைத் தலையணைமேல் எறிந்தாள். பிறகு அது யாருடைய தலையணை என்று பார்த்து எடுத்துக்கொண்டாள்.

"டோனிக்குப் போன் போட்டு வாட்ஸ்அப்புல காட்டச் சொல்லேன்," என்றார் செம்பியன்.

"அவன் போனத்தான் ஸ்டேண்டுல மாட்டி லைவ் எடுக்குறான். எந்தக் காலும் போவ மாட்டேங்குது."

"ஜெயராணி?" என்றார் அப்பா.

"அவ அம்மா பக்கத்துல உக்காந்துருப்பாப்பா. அவகிட்டப் போயி எப்படிக் கேக்குறது?"

அனிதா செம்பியனைப் பார்த்தாள். "நீங்க அதுல இருக்கீங்களாண்ணே?"

"ஏன் இல்லாம? போட்டோல்லாம் வெச்சிருக்கேன். ஆனா நான் என் பொண்ணு இசைவாணி போன்ல இல்ல இருக்கேன்."

"பாஸ்வேர்டு தெரியுமா?"

"அவளுக்குத்தான் தெரியும். இரு, கேப்போம். நீ அந்த லிங்க எனக்கு அனுப்பி வை." செம்பியன் தன் போனை எடுத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் போனார். வார்டு முழுக்கக் கேட்டது. "ஏய், என் பாஸ்வேர்ட சொல்லுடி... என் கணக்குடி அது, எனக்கே சொல்ல மாட்டியா? ... நான் யாருக்கும் லைக்கு போட மாட்டேன்டி. ஒரு சாவு, அதப் பாக்கணும்... அய்யோ, நம்ம வூட்டு சாவு இல்லடி!"

அந்த நேரத்தில்தான் ரவுண்டு வந்த நர்ஸ் அப்பாவின் கட்டைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "லுங்கி ஈரமா இருக்கு. அப்புறமா வந்து மாத்திவுடுறேன், ஒண்ணு எடுத்து வைங்க" என்று சொல்லிப் போனாள். அனிதா தலையை ஆட்டினாள். அவள் கவனம் போனில் இருந்தது. லிங்கை மறுபடி தொட்டபோது ஒன்றைக் கண்டுபிடித்திருந்தாள்.

படம் வரத்தான் செய்தது. முழுசாக, சத்தத்தோடு, இரண்டு மூன்று மூச்சு நேரம். அதற்குப் பிறகுதான் கீழேயிருந்து வெள்ளையாக ஒரு பலகை எழும்பி முக்கால் திரையை மூடியது. 'மேலும் பார்க்க உள்நுழையுங்கள்.' மூடுவதற்குப் பெருக்கல் குறிகூட இல்லை. பக்கத்தைத் திரும்ப ஏற்றினால் மறுபடி இரண்டு மூன்று மூச்சு. மறுபடி பலகை.

"அப்பா, கண்ணத் தொறங்க. இப்பப் பாருங்க."

போனை அவர் முகத்துக்கு நேராகப் பிடித்தாள். முதுநகர் வீட்டுப் பந்தல் தெரிந்தது. நாற்காலிகள். பலகை எழும்பியது.

"என்னா இது, குறுக்க?"

"பேரு கேக்குதுப்பா."

"கடலூருல செத்தவளப் பாக்குறதுக்கு இவன் யாரு பேரு கேக்குறதுக்கு? குடுத்துத் தொலையேன்."

"குடுத்துட்டேன்ப்பா. நாளைக்குச் சொல்றானாம்."

அவர் கையால் பலகையைத் தள்ளிவிடப் பார்த்தார், ஈயை விரட்டுவதுபோல. அனிதா திரும்ப ஏற்றினாள். இந்த முறை அத்தையின் முகம் வந்தது. ஐஸ் பெட்டியிலிருந்து எடுத்து மரப்பெட்டியில் கிடத்தியிருந்தார்கள். தலையைப் படிய வாரியிருந்தது. கையில் செபமாலை. பலகை எழும்பி அத்தையை மூடியது. மேலே சுவரில் மாதா படமும் டியூப்லைட்டும் நிற்கிறவர்களின் தலைகளும் மட்டும் மிச்சம்.

"மறுபடி," என்றார் லூர்துநாதன்.

ஏற்றினாள். முகம். பலகை.

"மறுபடி."

அப்படித்தான் அவர் தங்கச்சியைப் பார்த்தார். ஒவ்வொரு முறையும் பலகை வருவதற்குள் எதையாவது பார்த்துவிட வேண்டும் என்ற அவசரம் அவருக்கு வந்திருந்தது. "மூக்குத்தி இருக்குது... மறுபடி... காது வெறுமையா கெடக்குது, கழட்டிட்டாங்க போலருக்கு... மறுபடி. அட, நில்லுடா! மறுபடி." பிறந்த வீட்டில் மிஞ்சியவர் அவர் ஒருவர்தான். அழக்கூட அவருக்கு நேரம் கொடுக்கவில்லை அந்தப் பலகை.

"கோடி போத்திட்டாங்களா?"

"இன்னும் இல்லப்பா. டோனி இப்பதான் போத்துவான்."

கூடப்பிறந்தவன் வீட்டிலிருந்து கோடிப் புடவை வந்து போர்த்தாமல் அவர்கள் பக்கம் பெண்களின் பெட்டியை மூட மாட்டார்கள். நேற்று சாயங்காலம் அழுகைக்கு நடுவில் அப்பா அனிதாவைக் கூப்பிட்டுச் சொன்னது அதுதான். "மயில்கழுத்து கலர். வேற எதுவும் கூடாது. இல்லன்னா அடுத்த கடைக்குப் போ."

அதற்குக் காரணம் இருந்தது. லூர்துநாதன் சிப்காட்டில் ஒரு கெமிக்கல் கம்பெனியில் ரிட்டயர் ஆகும்வரை காக்கி போட்டு வேலை பார்த்தவர். துணி என்றால் அவருக்கு ஒரே அளவுகோல், அழுக்குத் தெரியக் கூடாது. தங்கச்சி கல்யாணத்துக்கு முன்னாலிருந்தே மயில்கழுத்துக் கலரில் ஒரு புடவை கேட்டுக்கொண்டிருந்தாள். அவர் ஒவ்வொரு கிறிஸ்மஸுக்கும் அரக்கு, காப்பித்தூள், புளி என்று மங்கின கலராகவே எடுத்துக்கொண்டு போவார். அவள் பிரித்துப் பார்த்துவிட்டுச் சிரிப்பாள். "எங்கண்ணன் கடலூருல இருக்குற மண்ணெல்லாம் எனக்குப் பொடவையா எடுத்துக் குடுத்துட்டான். இன்னும் வடலூர் மண்ணு ஒண்ணுதான் பாக்கி." போன கிறிஸ்மஸுக்கு எடுத்தது காப்பித்தூள். "அடுத்த வருசம் எடுத்துக்கலாம் போ" என்று சொல்லிவிட்டு வந்தார்.

அனிதா தெற்கு வீதியில் வழக்கமான கடைக்குப் போய், இருந்ததிலேயே நல்ல மயில்கழுத்தாகப் பார்த்து வாங்கினாள். அந்தக் கடையின் மஞ்சள் பையில் போட்டுக் கொடுத்தார்கள். கொண்டுவந்து காட்டியபோது அப்பா புடவையின் ஓரத்தைக் கன்னத்தில் வைத்துக்கொண்டார்.

"டோனி வந்துட்டான் பாரு," என்றார் இப்போது. "பை வெச்சிருக்கான். மறுபடி, மறுபடி."

ஏற்றினாள். டோனி பெட்டியின் பக்கத்தில் நின்று மஞ்சள் பைக்குள் கையை விட்டான். பலகை.

ஏற்றினாள். டோனி பையின் வாயை விரித்து உள்ளே பார்த்துக்கொண்டிருந்தான். பலகை.

ஏற்றினாள். நீலக் கட்டம் போட்ட எதையோ பாதி இழுத்து, சட்டென்று உள்ளே திணித்தான். பலகை.

"என்னா எடுக்குறான்?"

"தெரியலப்பா. மறைக்குது."

நீலக் கட்டம் போட்ட அந்த லுங்கியை அவள்தான் மடித்து வைத்தாள். அதோடு ஒரு துண்டும் இருக்கும். அவர்கள் வீட்டில் காய்கறியிலிருந்து ஆஸ்பத்திரித் துணிவரை எல்லாம் அந்தக் கடையின் மஞ்சள் பையில்தான் போகும். வருஷக் கணக்கில் சேர்ந்த பைகள் சமையலறைக் கதவுக்குப் பின்னால் ஒரு மூட்டை கிடக்கின்றன. ஆஸ்பத்திரிக்கு வரும்போதும் அதில் ஒன்றைத்தான் எடுத்து வந்தாள். கட்டிலுக்கு அடியில் நேற்று இரண்டு பை இருந்தன. விடியற்காலை இருட்டில் டோனி எடுத்துப்போனது அதில் ஒன்று.

குதிகாலைப் பின்னுக்கு விட்டுத் துழாவினாள். பிளாஸ்டிக் உறை சரசரத்தது. தண்ணீர் பாட்டில் எடுப்பவள் மாதிரிக் குனிந்து பார்த்தாள். பையின் வாயில் மயில்கழுத்து மின்னியது.

அவள் நிமிர்வதற்குள் போன் அடித்தது. ஜெயராணியின் நம்பர். பேசியது டோனி, வாயைப் பொத்திக்கொண்டு.

"அனி, பை மாறிப்போச்சுடி."

"ம்."

"அப்பா பக்கத்துல இருக்காரா?"

"ஆமா."

"இதுல லுங்கி இருக்குடி. நான் எல்லார் முன்னாடியும்... ஒருத்தரும் பாக்கல, நெனைக்கிறேன். ஃபாதர் வேற வந்துட்டாரு, வேற சாவுக்குப் போவணுமாம். ஜெயா பீரோலேந்து ஒண்ணு எடுத்துக் குடுக்குறா. போன கிறிஸ்மஸுக்கு நம்ப எடுத்துக் குடுத்ததுதான். மடிப்புக்கூடக் கலையல. அதுவும் பொறந்த வீட்டுப் பொடவைதான, அது போதும்ங்கறாங்க எல்லாரும்."

அனிதா அப்பாவைப் பார்த்தாள். அவர் அவளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"சரி," என்றாள்.

"அப்பா லைவ் பாக்குறாரா? ஆஃப் பண்ணவும் முடியாது, பெனிட்டோ அங்க அழுதுக்கினு பாத்துட்டு இருக்கான். என்னாடி பண்றது?"

"சரி. வெய்யி."

"என்னாவாம்?" என்றார் அப்பா.

"நமக்குத் தெரியுதான்னு கேக்குறான்."

"இந்த வெள்ளை வந்து வந்து மறைக்குதுன்னு சொன்னியா?"

"சொன்னேன்ப்பா."

"அப்ப போடு. கோடி போத்துறது ஒண்ண பாத்துட்டேன்னா போதும்."

ஏற்றினாள். ஜெயராணி வீட்டுக்குள்ளிருந்து தாம்பாளத்தோடு வந்துகொண்டிருந்தாள். தட்டில் இருந்தது தெரிவதற்குள் பலகை வந்தது. அனிதாவின் கட்டைவிரல் பொத்தானுக்கு மேலே நின்றது.

"மறுபடி."

விரல் இறங்கவில்லை.

"மறுபடி பாப்பா!"

"சுத்துதுப்பா. நெட்டு இல்ல."

பலகை அப்படியே நின்றது. 'மேலும் பார்க்க உள்நுழையுங்கள். கணக்கு இல்லையா? இப்போதே தொடங்குங்கள்.' காலையிலிருந்து அவள் திட்டிய பலகை. அதற்கு மேலே இருந்த துண்டில் மாதா படமும் டியூப்லைட்டும் தெரிந்தன. டோனியின் தலை உள்ளே வந்தது. அவன் இரண்டு கைகளும் ஒருமுறை மேலே வந்து, விரிந்து, பலகைக்குள் இறங்கின. நிற்கிறவர்கள் எல்லாரும் குனிந்தார்கள்.

"போத்துறான்ப்பா," என்றாள்.

"எங்க? ஒண்ணும் தெரியலயே!"

"கைய தூக்குனான் பாருங்க. போத்திட்டான். நெஞ்சுலேந்து கால் வரைக்கும்."

அவர் தலையைத் தூக்க முயன்றார், முடியவில்லை. வெள்ளைப் பலகையை உற்றுப் பார்த்தார். "கலரு எப்படி இருக்குது?"

"எடுப்பா இருக்குப்பா."

"நெசமாவா?"

"ஆமாப்பா."

"ராணி மாநிறம்தான். அவளுக்கு அந்தக் கலர் எடுக்கும்னு அவளே சொல்லுவா. நான்தான்..." அவர் கண்ணோரத்திலிருந்து தண்ணீர் காதுப்பக்கம் ஓடியது. மல்லாந்து கிடப்பவர் அதைத் துடைக்கவில்லை.

"வந்துடுச்சி!" என்று ஜன்னலிலிருந்து கத்தினார் செம்பியன். "பாஸ்வேர்டு குடுத்துட்டா! வந்துடுச்சி பெரியவரே, பெருசா தெரியுது, எந்த மறைப்பும் இல்ல!"

போனைத் தூக்கிப் பிடித்தபடி இரண்டு கட்டில்களுக்கு நடுவில் வந்தார். அனிதா எழுந்தாள். அவள் கண்ணில்தான் முதலில் பட்டது. தெளிவான படம். பெட்டிக்குள் அத்தை, கழுத்துவரை காப்பித்தூள் கலர்.

"நாங்க பாத்துட்டோம்ண்ணே," என்றாள். "இதுலயே பாத்துட்டோம். மயில்கழுத்து."

செம்பியன் தன் போனைப் பார்த்தார். அவளைப் பார்த்தார். அவள் குதிகாலுக்குப் பின்னால், கட்டிலுக்கு அடியில் வாய் திறந்து கிடந்த மஞ்சள் பையைப் பார்த்தார். திரையைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டார்.

"எங்க, காட்டு தம்பி," என்று அப்பா கையை நீட்டினார்.

"ப்ச். போயிடுச்சி பெரியவரே," என்றார் செம்பியன். போனைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். "இந்தா, என்னையும் பேரு கேக்குது. வெளங்காதவனுங்க."

கடலூரில் ஃபாதர் ஜெபத்தைத் தொடங்கியிருக்க வேண்டும். செம்பியனின் சட்டைப் பையிலிருந்து மெல்லிசாகப் பாட்டு கேட்டது. கையை விட்டு அதையும் அணைத்தார்.

நர்ஸ் வந்தாள். "லுங்கி எடுத்து வைக்கலியா இன்னும்?"

"கட்டிலுக்கு அடியில பையில இருக்குது," என்றார் அப்பா. "நீலக் கட்டம் போட்டது. எடு பாப்பா."

நர்ஸ் குனியப் போனாள். அனிதா அதற்கு முன்னால் உட்கார்ந்து பையை இழுத்து மடியில் வைத்துக்கொண்டாள். வாயை இரண்டு மடிப்பு மடித்துப் பிடித்தாள். "அது... தண்ணி கொட்டிடுச்சுப்பா. நனைஞ்சிருக்கு."

"எல்லாமேவா?"

"எங்க மாமனாருக்கு எடுத்தது இருக்குது, புதுசு," என்றார் செம்பியன். தன் கட்டிலின் அடியிலிருந்து ஒரு லுங்கியை எடுத்து, உறையைக் கிழித்து, நர்ஸ் கையில் கொடுத்தார். "அவுரு இப்பத்திக்கு எழுந்திருக்கப் போறதில்ல."

நர்ஸும் செம்பியனும் சேர்ந்து பழையதை உருவிப் புதியதைச் சுற்றினார்கள். லூர்துநாதன் வலியில் பல்லைக் கடித்துக்கொண்டார். எல்லாம் முடிந்ததும் அந்தத் துணியின் ஓரத்தை விரலால் நிமிண்டி, வெளிச்சத்துக்குத் தூக்கிப் பார்த்தார். மண் நிறம்.

"நல்ல கலரு," என்றார். "அழுக்குத் தெரியாது."

அனிதா பையின் வாயை இன்னொரு மடிப்பு மடித்தாள்.